அறுபதில் தொடங்கிய இசைநாடகம்: அருணாசலக் கவிராயரின் இராமநாடகம் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

கலைஞர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவர்தம் இளமைப் பருவத்தில் தோன்றிய அறிகுறிகளைத் தேடி எடுத்து முன்வைத்தல் பெரும்பான்மை வழக்கு. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்னும் பழமொழியே இவ்வழக்கிற்கு அடிப்படை. இசைக்கலையில் இக்கொள்கை இன்னும் உறுதியாக வேரூன்றியுள்ளது. குரல் பழக வேண்டும். செவி பழக வேண்டும். இரண்டும் இளமையிலேயே பழகியாக வேண்டும் என்பர். இக்கருத்துப் பொய்யன்று. ஆயினும் இது முழு உண்மையா என்பது ஆராய்தற்குரியது.

இவ்வாராய்ச்சிக்குத் தமிழில் ஒரு தக்க சான்று உண்டு. அருணாசலக் கவிராயர் தம் அறுபதாம் அகவையை ஒட்டியே இராமநாடகக் கீர்த்தனையை இயற்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர் 1711இல் பிறந்து 1779இல் மறைந்தார் எனக் கொள்வர். எனவே மேலைநாட்டார் ஆப்பெரா என வழங்கும் இசைநாடகத் துறையில் அவருக்குப் பெரும்புகழ் தந்த காலம், வாழ்நாளின் இறுதி எட்டு ஆண்டுகளே ஆகும். ஐம்பதிற்கும் மேற்பட்ட ஆண்டுகள் வேறு பணிகளிற் கழிந்தன. இவ்வெட்டாண்டுகளின் விளைவே இருநூற்றைம்பது ஆண்டுகளாகத் தமிழர் நாவில் நிலைத்திருக்கின்றது.

வரலாறு எழுதினோர் பலர் இச்செய்தியை வியப்புடன் குறித்துவிட்டு அப்பாற் செல்கின்றனர். வியப்பு ஆராய்ச்சியாகாது. முதுமையில் தொடங்கியது நூலின் இயல்பை எவ்வாறு உருவாக்கிற்று? முதுமை அவருக்குக் கொடுத்தது யாது? கொடாதது யாது? இவ்வினாக்களுக்கு நூலகத்திருந்தே விடை காண முயல்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினா என் உள்ளத்தில் எழுந்த சூழலையும் ஈண்டுக் குறித்தல் பொருந்தும். சோலையார்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள சாமல்பட்டி, கிருட்டினகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் சந்தையிலும் தொழிற்சாலை வாயிலிலும் கலந்து ஒலிக்கும் எல்லைப்பகுதி இது. திரௌபதியம்மன் விழாக்களில் பாரதக் கூத்து இன்றும் இங்கே விடிய விடிய நடைபெறுகின்றது. சில ஆண்டுகளுக்கு முன்பு, ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் பணிநிறைவு பெற்றுத் திரும்பிய ஒருவர், ஐம்பத்தெட்டாம் அகவையில் கூத்துக்குழுவிற் சேர்ந்து கர்ணனாக நின்று பாடக் கண்டேன். அருகிலிருந்தவர், “இத்தனை நாளாக எங்கே இருந்தாராம்? இந்த வயதில் கூத்தென்ன வேண்டிக் கிடக்கிறது!” என்றார். அன்று யானும் அவ்வாறே எண்ணினேன். அவ்வெண்ணம் சரியா என்று பின்னர் ஐயுற்றதே இக்கட்டுரைக்கு வித்து.

மரபு கூறும் வாழ்க்கை

கவிராயர் பிறந்த ஊர் தரங்கம்பாடிக்கு அணித்தாய தில்லையாடி. தந்தையார் நல்லதம்பிப் பிள்ளை, தாயார் வள்ளியம்மை. பன்னிரண்டாம் அகவையளவில் பெற்றோரை இழந்த அவர், தருமபுர ஆதீனத்தை அடைந்து பதினெட்டாம் அகவை வரையிற் கற்றார் என்பர். ஆண்டுப் பெற்ற கல்வி சைவ சாத்திரமும் தமிழிலக்கியமும் ஆகும். முப்பதாம் அகவையில் மணம் புரிந்துகொண்டு, பிழைப்பின்பொருட்டுக் காசுக்கடை வைத்தார். கடைத்தொழிலின் இடையிலும் கம்பராமாயணத்தை ஓதுதலும் கேட்போர்க்குப் பொருளுரைத்தலும் ஒழியவில்லை.

வாணிகத்தின்பொருட்டுப் புதுச்சேரிக்குச் செல்லும் வழியில் அவர் சீர்காழியில் தங்கினார் என்றும், ஆண்டுத் தருமபுர மடத்தின் பொறுப்பிலிருந்த சிதம்பரம் பிள்ளை தாம் தொடங்கிய பள்ளுப் பிரபந்தத்தை நிறைவு செய்ய அவர் உதவியை நாடினார் என்றும் மரபு கூறும். அத்தொடர்பின் பயனாகக் கவிராயர் தில்லையாடியை விட்டுச் சீர்காழியில் குடியேறினார். சீர்காழித் தலபுராணம், சீர்காழிக் கோவை, அனுமார் பிள்ளைத்தமிழ், அசோமுகி நாடகம் ஆகியன அவர் பெயரால் வழங்கும் பிற நூல்கள்.

இப்பட்டியலிலிருந்து இரண்டு உண்மைகள் போதரும். ஒன்று, இராமநாடகம் புலமைப் பயிற்சியற்ற ஒருவரின் திடீர் முயற்சியன்று. புராணமும் கோவையும் பிள்ளைத்தமிழும் பாடிப் பழகிய கை அது. மற்றொன்று, நாடகம் என்னும் வடிவும் அவருக்கு அயலானதன்று. சூரபன்மனின் தங்கையைத் தலைமைப் பாத்திரமாகக் கொண்ட மற்றொரு நாடகமும் அவருடையதாக வழங்குகின்றது. எனவே அறுபதில் தொடங்கினார் எனும்போது, இலக்கியப் பணியை அறுபதில் தொடங்கினார் என்று பொருள்கொள்ளலாகாது. ஒரு பெருங்காப்பியத்தை முழுதுமாக இசையரங்கிற்குக் கொணரும் பணியையே அவர் அறுபதில் மேற்கொண்டார். இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாமையாலேயே வரலாறு எழுதினோர் வியப்போடு நின்றுவிட்டனர்.

தொடக்கத்திற்கு உரிய அகவை

இளமையிலேயே அரங்கேறுதல் தமிழ் நாடக மேடையின் வழக்கமாக நிலைபெற்றது பெரும்பாலும் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேதான். சங்கரதாச சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தபோது, அதிற் சேர்ந்த தி. க. சண்முகத்திற்கு அகவை ஆறு. சிறுவர்தம் உச்சக்குரலே அக்குழுக்களின் மூலதனம். எசு. ஜி. கிட்டப்பா சிறுவராய் மேடையேறி, நாடெங்கும் புகழ்பெற்று, 1933இல் இருபத்தேழாம் அகவையில் மறைந்தார். இளமையில் மலர்ந்து இளமையிலேயே உதிர்ந்த அக்குரலின் நினைவு, இசைநாடகம் என்றாலே இளமைக்குரியது என்னும் எண்ணத்தை மக்கள் உள்ளத்தில் ஆழப் பதித்தது எனலாம்.

ஆயின் பாடுவோர்க்குரிய அளவுகோலை நாடகம் யாப்போர்க்கும் அவ்வாறே பொருத்துதல் தகாது. கவிராயர் வாழ்ந்த அதே நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த இராமோ என்னும் இசைப்புலவர் இதற்கு ஒரு சான்று. 1683இல் பிறந்த அவர், தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தும், 1722இல் ஒத்திசை இலக்கணம் பற்றி ஒரு பெருநூல் எழுதியும் வாழ்ந்தவர். அவருடைய முதல் இசைநாடகம் பாரிசு மாநகரில் அரங்கேறியது 1733இல்; அப்போது அவருக்கு அகவை ஐம்பது. எழுபதைக் கடந்த பின்னும் அவர் இசைநாடகங்கள் இயற்றினார்.

இவ்விருவர்க்கும் ஒற்றுமையினும் வேற்றுமையே நமக்குப் பயன்தருவது. இராமோ இசையைத் துறைபோகக் கற்றுவிட்டு நாடகத்தை நாடியவர். கவிராயரோ காப்பியத்தைத் துறைபோகக் கற்றுவிட்டு இசையை நாடியவர். முன்னவர்க்குச் சொல்லெழுதித் தரப் பிறர் வேண்டியிருந்தது. பின்னவர்க்கு இசையமைத்துத் தரப் பிறர் வேண்டியிருந்தது. முதுமையில் ஒரு புதுத்துறையிற் புகுவோர் தம்மிடம் இல்லாததை இன்னதென அறிந்திருத்தல் வேண்டும் என்பதற்கு இருவரும் எடுத்துக்காட்டு.

தமிழ்நாட்டில் கோபாலகிருட்டின பாரதியார் மற்றொரு நிலையினர். அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அச்சேறிப் பரவியபோது அவர் ஐம்பதை ஒட்டியிருந்தார். ஆயினும் அவர் இளமை முதல் இசை பயின்றவர். கதை சொல்லிப் பாடுவதையே வாழ்க்கையாகக் கொண்டவர். அந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தர மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் தயங்கியதும், பாரதியார் திண்ணையிலிருந்து பாடக் கேட்டு உருகிய பின்னரே அதனை அளித்ததும் உ. வே. சாமிநாதையரால் பதிவு செய்யப்பட்டவை. இலக்கணக் கண்ணுக்குக் குறையாகத் தோன்றியது செவிக்கு நிறைவாயிற்று. இசைநாடகத்தை மதிப்பிடுவோர் எப்போதும் மனத்திற் கொள்ளவேண்டிய நிகழ்ச்சி இது. பாரதியார் குரலால் வென்றார். அத்தகைய குரல்வன்மை பற்றிய புகழ் இல்லாத கவிராயர் எதனால் வென்றார் என்பதே நம் வினா.

நூலின் அமைப்பு

இராமநாடகம் கம்பரைப் பின்பற்றி ஆறு காண்டங்களாக அமைந்தது. விருத்தம், தரு, திபதை, வெண்பா, கொச்சகம், வசனம் முதலிய பல வடிவங்கள் அதில் விரவி வருகின்றன. இவற்றுள் தரு என்பதும் திபதை என்பதும் தெலுங்கு யட்சகான நாடகங்களிலும் வழங்குபவை. தஞ்சை நாயக்க மன்னரும் மராத்திய மன்னரும் அந்நாடகங்களைப் போற்றி வளர்த்தனர். அவ்வடிவங்கள் காவிரிக் கரையில் தமிழோடு கலந்தன. எங்கள் எல்லைப்பகுதியில் கூத்துக் கேட்போர்க்கு இக்கலப்புப் புதிதன்று. விருத்தம் பாடி நிறுத்தித் தரு எடுப்பதும், தருவை முடித்து வசனம் பேசுவதும் ஈண்டு இன்றும் காணத்தக்கன. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனை அமைப்பும் சீர்காழிக்கு முன்பே அறிமுகமானது, முத்துத்தாண்டவர் அவ்வூரினர். எனவே கவிராயர் வடிவம் எதனையும் புதிதாகப் படைத்தார் என்று கூறவேண்டுவதில்லை. இருந்த வடிவங்களில் எதற்கு எதனை ஏற்றுவது எனத் தேர்ந்ததே அவர் திறன்.

கம்பராமாயணம் பதினாயிரத்திற்கும் மேற்பட்ட செய்யுட்களைக் கொண்டது. அதனை அரங்கிற் பாடத்தக்க அளவிற் சுருக்குவோர் பலவற்றை விடுத்தாக வேண்டும். விடுத்தல் எளிதன்று. கற்ற அனைத்தையும் காட்டவேண்டும் என்னும் ஆர்வம் இளம்புலவரை விடாது. பல்லாண்டுக் காலம் அவையோர்முன் கம்பனுக்குப் பொருளுரைத்தவர்க்கோ, எவ்விடத்தில் அவையோர் நிமிர்ந்து அமர்வர், எவ்விடத்தில் தளர்வர் என்பது நன்கு தெரியும். அவ்வறிவு நூலிற் கிட்டுவதன்று, ஆண்டுகள் தருவது. மூன்று பாடல்களை ஈண்டு நோக்குவோம்.

மூன்று பாடல்கள்

முதலாவது, மிதிலைக் காட்சி. மணத்திற்கு முன்னரே இராமனும் சீதையும் ஒருவரையொருவர் காணுதல் வான்மீகத்தில் இல்லை. தமிழ் அகமரபின் வழிநின்று கம்பர் அமைத்தது. கம்பரில் அக்காட்சிக்குப்பின் இருவர்தம் நினைவும் ஏக்கமும் பல செய்யுட்களில் விரிந்து செல்கின்றன. கவிராயர் அவ்விரிவை ஒரே வினாவிற் சுருக்குகின்றார். ‘யாரோ இவர் யாரோ’ எனத் தொடங்கும் பாடல் அது. மாடத்தில் நின்றவளைக் கண்ட இராமன், அவள் யார், அவள் பெயர் யாது என வினவுகின்றான்.

வினாவாக அமைத்ததில் ஒரு நாடக நுட்பம் உண்டு. ஏக்கம் ஒருவன் உள்ளத்தினுள் நிகழ்வது. அதனை அவையோர் காண்டல் அரிது. வினா வெளியே நிகழ்வது. அது விடையை வேண்டி நிற்பது. மேலும் விடையை அவையோர் அனைவரும் அறிவர். வினவுவோன் ஒருவனே அறியான். அவன் அறியாமையை அவர்கள் அறிந்திருத்தலே இன்பம். யாரோ என்னும் சொல்லின் இறுதி ஓகாரம் ஐயத்தையும் வியப்பையும் ஒருங்கே சுமந்து நீண்டு ஒலிப்பது, பாடுவோர்க்கு இசையை விரிக்க இடந்தருகின்றது. பொருளும் இசையும் ஒரே எழுத்திற் கூடிய இடம் இது.

இரண்டாவது, அனுமன் இலங்கையினின்று மீண்டு சீதையைக் கண்ட செய்தியை உரைக்கும் இடம். கம்பர் இவ்விடத்தில் அனுமனை முதலில் தென்றிசை நோக்கி வணங்கச் செய்து, பின்னர்ப் பேசச் செய்கின்றார். பேசும்போதும் காண்டலைக் குறிக்கும் வினைமுற்றே முதற்சொல்லாய் வருகின்றது. இராமன் உள்ளம் ஒரு நொடியும் ஐயத்தில் துடித்தலாகாது என்னும் அருளால் அனுமன் வினையை முன்வைத்தான் என்று உரையாளரும் சொற்பொழிவாளரும் விளக்குவர். கவிராயர் இக்குறிப்பை விடாது பற்றிக்கொண்டார். அவர் பாடலோ ‘கண்டேன் கண்டேன்’ என அவ்வினையை அடுக்கித் தொடங்குகின்றது. விரைவும் உவகையும் தோன்றுமிடத்துச் சொல் அடுக்கி வரும் என்பது இலக்கணம். கம்பரின் அனுமன் சொல்லின் செல்வன். அளந்து ஒருமுறை சொல்லுகின்றான். கவிராயரின் அனுமன் ஓடிவந்தவன்; மூச்சு வாங்க அடுக்கிச் சொல்லுகின்றான். காப்பியத்திற்கு அது அழகு. அரங்கிற்கு இது அழகு. கம்பனைப் பல்லாண்டு ஓதியவர்க்கன்றி, கம்பனைச் சிதைக்காமல் இவ்வளவு சிறிய மாற்றம் ஒன்றைச் செய்தல் இயலாது.

மூன்றாவது, திருவரங்கத்தில் பள்ளிகொண்ட பெருமாளை நோக்கி ‘ஏன் பள்ளிகொண்டீர் ஐயா’ என வினவும் பாடல். கம்பராமாயணம் அரங்கேறிய இடம் என மரபு போற்றும் திருவரங்கத்திலேயே இராமநாடகத்தையும் அரங்கேற்றக் கவிராயர் விரும்பினார் என்றும், அதன்பொருட்டு அரங்கனைப் பாடிய பாடல் இது என்றும் கூறுவர். இராமனாய் வந்து முனிவன் ஏவலாற் புரிந்த செயல் முதலாகப் பல அருஞ்செயல்களை அடுக்கி, இவற்றுள் எதனால் வந்த அயர்வினால் இவ்வாறு படுத்துள்ளீர் என்று கேட்பது பாடலின் போக்கு.

இதனை முதியவர் ஒருவரின் உடற்சோர்வு கடவுள்மேல் ஏற்றப்பட்டது எனக் கொள்ளத் தோன்றும். அவ்வாறு கொள்ளுதல் முற்றும் பொருந்தாது. கிடந்த திருக்கோலத்தைக் கண்டு, நடந்த கால்கள் வருந்தினவோ எனத் திருமழிசையாழ்வார் குடந்தைப் பெருமானை முன்பே வினவியுள்ளார். கருத்து ஆழ்வாருடையது. கவிராயர் செய்தது வேறு. அவர் அவ்வினாவையே இராமாயணத்தின் பொருளடக்கமாக மாற்றினார். நாடகம் காண வந்தோர்க்குக் கதை முழுவதும் ஒரு பாடலில் முன்னுரைக்கப்படுகின்றது. அதே வேளையில் அது அவ்வூர்த் தெய்வத்தின் வாழ்த்தாகவும் அமைகின்றது. சைவ மடத்தில் தமிழ் கற்ற ஒருவர் வைணவத் தலைமைப்பதியில் நின்று, அவ்வூரார் தம்முடையதெனக் கருதும் ஆழ்வார் மொழியின் சாயலிலேயே பாடினார். அவையறிதல் என்று திருக்குறள் கூறும் பண்பு இதுவே அன்றோ? வாழ்க்கைக் குறிப்பை நூலின்மேல் ஏற்றிப் பொருள் காண்பதைவிட, மரபை அறிந்து காண்பது இவ்விடத்திற் சாலச் சிறந்தது.

கடைத்தெரு வளர்த்த மொழி

இராமநாடகத்தின் நடைபற்றிப் பேசுவோர் அதன் எளிமையையும் பழமொழிப் பெருக்கையும் தவறாது குறிப்பிடுவர். அரசரும் முனிவரும் அரக்கரும் பேசும்போது, அன்றாட வழக்கிலுள்ள சொல்லும் தொடரும் தடையின்றி வருகின்றன. புலவர் சிலர் இதனை இழுக்கு எனக் கருதியதுண்டு. பாத்திரத்தின் நிலைக்கு ஒவ்வாத பேச்சு சில இடங்களில் உண்டென்பதை யானும் மறுக்கவில்லை.

ஆயினும் இந்நடை எங்கிருந்து வந்தது என எண்ணுதல் வேண்டும். கோவையும் தலபுராணமும் பாடிய புலவர்க்குச் செறிந்த நடை வாராததன்று. அதனை அவர் வேண்டுமென்றே விலக்கினார். காசுக்கடையில் அமர்ந்தவர் நாள்தோறும் பலதிறத்து மக்களின் பேச்சைக் கேட்பவர். ஒருவர் பெருமையாகப் பேசித் தம் வறுமையை மறைப்பார். ஒருவர் கெஞ்சிப் பேசித் தம் எண்ணத்தை மறைப்பார். சொல்லின் வழியே ஆளை எடைபோடுதல் அத்தொழிலின் உயிர்நாடி. நாடகம் யாப்போர்க்கும் அதுவே உயிர்நாடி. கைகேயியின் வேண்டுகோளிலும் சூர்ப்பணகையின் முறையீட்டிலும் சொல்வது ஒன்று, கருதுவது வேறு என்னும் நிலையுண்டு. அந்நிலையைத் தருக்களில் எளிய பேச்சுமொழி கொண்டே உணர்த்தும் ஆற்றல், மடத்துக் கல்வியொன்றால் மட்டும் வந்ததாக யான் கருதவில்லை. வரலாற்றாசிரியர் இடைக்கால வாணிகத்தைக் கலைக்குப் புறம்பான வீண்காலமாகக் கணக்கிடுகின்றனர். நூலோ அக்காலத்தையும் தன் வரவிலேயே வைத்துள்ளது.

இளையோர் துணை

இந்நூல் பிறந்ததற்குக் காரணமாயினோர் சட்டநாதபுரத்தைச் சேர்ந்த வேங்கடராம ஐயர், கோதண்டராம ஐயர் என்னும் இருவர். கம்பராமாயணம் பாடங்கேட்க வந்த அவர்கள் இசைவல்லார். அவர்கள் வேண்டியபடியே கவிராயர் பாடல் இயற்றினார் என்றும், அவற்றிற்கு இசையமைத்தவர்கள் அவர்களே என்றும் மரபு தெளிவாகக் கூறுகின்றது. ஆசிரியர் மாணாக்கர்க்குக் காப்பியம் கற்பித்தார். மாணாக்கர் ஆசிரியரின் சொல்லுக்குப் பண் அளித்தனர். கொண்டு கொடுத்தல் இருபுறமும் நிகழ்ந்தது.

அறுபது அகவையுடைய புலவர் ஒருவர், தாம் எழுதிய அடி இசைக்குப் பொருந்தவில்லை எனத் தம் மாணாக்கர் கூறக் கேட்டுத் திருத்தியிருத்தல் வேண்டும். இஃது ஊகமே, எனினும் பாடல்களின் ஓசையொழுங்கு இவ்வூகத்திற்கு அரண்செய்கின்றது. பிற்பருவத்தில் புதுத்துறை புகுவோர்க்கு இன்றியமையாத பண்பு இத்தகைய இணக்கம். குரல் தளர்தல் தடையன்று. கற்றுக்கொள்ள நாணுதலே தடை.

அரங்கேற்றத்திற்குப்பின் இந்நூலைப் போற்றிய வள்ளல்களுள் சென்னை மணலி முத்துக்கிருட்டின முதலியார் தலைமையானவர். தஞ்சைப் பகுதிப் புலவர் ஒருவர் சென்னை வணிகப் பெருமக்களின் அவையை நாடியதற்கு அக்கால அரசியலும் காரணமாகலாம். 1771இல் தஞ்சை முற்றுகைக்குள்ளாயிற்று. 1773இல் ஆர்க்காட்டு நவாபின் வசமாயிற்று. 1776இல்தான் துளசா மன்னர்க்கு மீண்டது. இராமநாடகம் எழுந்து பரவிய ஆண்டுகள் ஏறத்தாழ இவையே. அரசவை தளர்ந்த காலத்தில், அரசவையை மட்டும் நம்பாத எளிய மொழியில் ஒரு நாடகம் எழுந்தது ஈண்டு நோக்கத்தக்கது.

குறைகளும் இழப்புகளும்

புகழ்ந்துரைத்தல் மட்டும் திறனாய்வாகாது. இந்நூலின் பிற்பகுதியில், சிறப்பாக யுத்த காண்டத்தில், நிகழ்ச்சிகளை விரைந்து கூறிச் செல்லும் போக்கு மிகுதி. ஆண்டு நாடகம் குறைந்து கதைகூறல் மேலோங்குகின்றது. ஒரே வகையான சந்தமும் அடுக்கும் திரும்பத்திரும்ப வந்து சலிப்பூட்டும் இடங்களும் உள. இன்னும் பத்தாண்டு முன்னரே தொடங்கியிருப்பின், அரங்கிற் பலமுறை கண்டு திருத்தும் வாய்ப்பு அவர்க்கு வாய்த்திருக்கும். முதுமைத் தொடக்கத்தின் உண்மையான இழப்பு இதுவே: திறன் குறைதல் அன்று, திருத்துவதற்குரிய காலம் குறைதல்.

மற்றோர் இழப்பு அவரால் நேர்ந்ததன்று. இசையமைத்தோர் கொடுத்த மெட்டுகள் பல பிற்காலத்தில் மாறிவிட்டன. இன்று மேடைகளில் பைரவி இராகத்தில் வழங்கும் ‘யாரோ இவர் யாரோ’ என்பதன் பழைய இராகம் சாவேரி என்பர். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய தமிழிசை மாநாடும், 1943இல் சென்னையில் தோன்றிய தமிழிசைச் சங்கமும் தமிழ்ப் பாடல்களுக்கு மேடையில் உரிய இடத்தைப் பெற்றுத் தந்தன. அதனால் கவிராயரின் பாடல்களும் பெருக ஒலித்தன. அஃது உவத்தற்குரியது. ஆயினும் அவை தனித்தனிக் கீர்த்தனைகளாகவே ஒலித்தன. முன்னின்ற விருத்தமும் பின்வந்த வசனமும் உதிர்ந்தன. வினவுவோன் யார், எவ்விடத்தில் நின்று யாரை நோக்கி வினவுகின்றான் என்பது அறியாமலே பாடலைச் சுவைக்கும் நிலை உண்டாயிற்று. நாடகத்தின் உறுப்புகள் வாழ்கின்றன; நாடகம் மறைந்துகொண்டிருக்கின்றது. கம்பனைக் கற்கும் மாணாக்கர் இராமநாடகத்தை இசைத்துறைக்குரியதென ஒதுக்க, இசை பயில்வோர் அதனைப் பாடல் தொகுதியாக மட்டும் காண, இடையில் நூல் கேட்பாரற்றுக் கிடக்கின்றது. விருத்தமும் தருவும் வசனமும் ஒருங்கே அமைய ஒரு காண்டத்தையேனும் முழுமையாக அரங்கேற்றிப் பார்த்தல் தமிழ்த்துறையும் இசைத்துறையும் கூடிச் செய்யத்தக்க பணி. கூத்துக் கலைஞர் இன்றும் உயிரோடு காத்துவரும் விருத்த முறையும் வசன முறையும் அதற்குத் துணையாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. அருணாசலக் கவிராயர் அறுபதில் தொடங்கியது அரிய செயலாயினும் விளங்காத செயலன்று. கம்பனோடு வாழ்ந்த நெடுங்காலம் எதனைக் கொள்வது, எதனை விடுப்பது என்பதைக் கற்பித்தது. கடைத்தெரு மாந்தர்தம் மொழியைக் கற்பித்தது. தமக்கு இசையமைக்கும் ஆற்றல் இல்லை என்னும் தெளிவு இளையோரோடு கூடி உழைக்கச் செய்தது. இம்மூன்றும் இருபதில் ஒருவர்க்கு அமைதல் அரிது. எனவே அவர் காலந்தாழ்த்துத் தொடங்கினார் என்பதினும், தொடங்குதற்குரிய காலத்திலேயே தொடங்கினார் என்பதே பொருத்தம்.

சாமல்பட்டிப் பகுதியில் யான் கண்ட கர்ணனை மீண்டும் நினைவுகூர்கின்றேன். அவர் குரல் உச்சத்தில் நிற்கவில்லை, இருமுறை கம்மிற்று. ஆயினும் குந்தி வந்து, தான் தாய் என உரைத்து வரம் கேட்கும் இடத்தில், விடைகூறுமுன் அவர் சற்று நேரம் வாளா நின்றார். பின்னர்த் தாழ்ந்த குரலிற் பாடினார். மத்தளம் அடங்கியிருந்தது, விடியற்காலைக் குளிரில் உறங்கிக்கொண்டிருந்தோரும் விழித்துக்கொண்டனர். அன்று அவரை எள்ளிப் பேசியவரும் என்னருகில் பேசாதிருந்தார். அந்த அமைதியை அவர் எங்கே கற்றார் என அன்று எனக்கு விளங்கவில்லை. இராமநாடகத்தை மீண்டும் ஓதிய பின்னரே, அவர் கூத்திற் சேராத ஆண்டுகளிலும் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டுதான் இருந்திருக்கின்றார் என்று உணர்ந்தேன்.